ஆறாவது சரக்கு

சோழ நாட்டில் கிடைப்பவை என்று ஒன்பது சரக்குகளைச் சொல்கிறது அந்தச் சீனப் புத்தகம். முத்து, யானைத் தந்தம், பவளம், பளிங்கு, பாக்கு வரிசையில் ஆறாவதாக ஏலக்காய். அதற்குப் பின் கண்ணாடியும் இரண்டு வகைத் துணியும். எழுதியவர் சாவ் ருகுவா. தென்சீனக் கடற்கரையில் சுவான்சௌ துறைமுகத்தின் கடல் வணிக அலுவலகத்தை நிர்வகித்த அதிகாரி. எழுதிய ஆண்டு 1225. புத்தகத்தின் பெயர் சூஃபான்சி. வேற்று நாடுகளைப் பற்றிய குறிப்பேடு என்று பொருள் கொள்ளலாம். ஹிர்த், ராக்ஹில் என்ற இருவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1911-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சிட்டார்கள். நான் படித்தது அந்தப் பதிப்பைத்தான். ஆறாவது சரக்கில் கண் நின்றுவிட்டது.

நான் சிலமலைக்காரி. போடிநாயக்கனூருக்குப் பக்கத்து ஊர். மேற்கே நிமிர்ந்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். மலை முழுக்க ஏலத்தோட்டம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தோட்டத்துக்குப் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்புகிற பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் உண்டு. அம்மா இருபது வருஷம் அப்படிக் காய் எடுக்கப் போனவள். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு போடியில் ஒரு வியாபாரியின் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறாள். நான் கல்வெட்டியல் படித்தது அந்தக் கூலியில். எனவே, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு துறைமுக அதிகாரியின் பட்டியலில் ஏலக்காயைக் கண்டதும் எனக்குள் இருந்த ஆய்வாளர் ஒதுங்கிக்கொண்டார், மகள் முன்னால் வந்துவிட்டாள். எங்கள் மலைக் காய் சுவான்சௌ போயிருக்கிறது. அன்று இரவே தலைப்பு வைத்து ஒரு கட்டுரை தொடங்கினேன்.

தொடங்கிய கட்டுரையை மூன்றாம் நாள் நிறுத்த வேண்டியதாயிற்று. சீனம் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் மூலத்தில் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். ஏலக்காய் என்று பெயர்க்கப்பட்ட இடத்தில் இருப்பவை இரண்டே எழுத்துகள். தௌகோ. “இதை மட்டும் வைத்து ஏலக்காய் என்று அடித்துச் சொல்ல முடியாது” என்றார். முன்னால் ‘வெள்ளை’ என்ற எழுத்து சேர்ந்தால் அது ஏல வகைக் காய். ‘இறைச்சி’ என்ற எழுத்து சேர்ந்தால் சாதிக்காய். ‘புல்’ சேர்ந்தால் வேறொன்று. சோழ நாட்டுப் பட்டியலில் எந்த முன்னொட்டும் இல்லை. மொழிபெயர்த்தவர்கள் ஏலக்காய் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அறுதியிட இடமில்லை.

சாவ் ருகுவாவின் புத்தகம் இரண்டு பாகம். முதல் பாகம் நாடுகளைச் சொல்கிறது, இரண்டாம் பாகம் சரக்குகளை. வெள்ளைத் தௌகோவுக்கென்று தனிப் பதிவு உண்டு என்று தெரிந்ததும் அதைத் தேடிப் பிடித்தேன். சென்லாவிலிருந்தும் சாவகத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வருவதாகவும், மிகுதி சென்லாவுடையது என்றும் எழுதியிருக்கிறார். சென்லா என்பது இன்றைய கம்போடியா. செடி பீர்க்கைப் போன்றது, காய் திராட்சையைப் போன்றது, பள்ளத்தாக்குகளில் படர்ந்து கிடப்பது என்று அடையாளமும் சொல்கிறார்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். வாசல் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பீர்க்கங்கொடி மாதிரியா? யாரு சொன்னா?”

“சீனாவுல ஒரு அதிகாரி. எழுதி எண்ணூறு வருஷம் ஆச்சு.”

“அந்தாளு செடியப் பாத்திருக்க மாட்டாரு தாயி. ஏலம் எங்க படரும்? தட்டை தட்டையா நிமுந்துல்ல நிக்கும். சரம் தூர்ல கெடக்கும், மண்ணோட மண்ணா. குனிஞ்சு குனிஞ்சுதான எனக்கு இடுப்பு போச்சு.”

அம்மா சொன்னது சரி. சாவ் ருகுவா கடல் தாண்டியவர் இல்லை. துறைமுகத்துக்கு வந்த வணிகர்களிடம் கேட்டும் பழைய நூல்களைப் பார்த்தும் எழுதியவர். ஆகவே செடியின் தோற்றத்தில் அவர் தவறியிருக்கலாம். ஆனால் எந்தச் சரக்கு எந்தத் திசையிலிருந்து கப்பலேறி வந்தது என்பதில் அவ்வளவு எளிதில் தவறியிருக்க மாட்டார். தீர்வை வசூலிக்கிற அலுவலகம் அது. மேலும் கம்போடியாவின் வெள்ளை ஏலம் வேறு இனம். எங்கள் மலையில் விளைவது எலட்டேரியா. இரண்டும் இஞ்சிக் குடும்பத்து ஒன்றுவிட்ட உறவுகள்.

ஆசை லேசில் விடவில்லை. அதே புத்தகத்தில் மிளகுப் பதிவைப் பார்த்தேன். முதலில் மிளகு சாவகத்தில் விளைவதாகச் சொல்லி ஊர்ப் பெயர்களையும் அடுக்குகிறார். பிறகு, மிக அதிகமாக விளைவது மலபாரில்தான் என்றும் சாவகத்தில் அயல் வணிகர்கள் வாங்குகிற மிளகு அங்கிருந்து வந்ததே என்றும் சிலர் சொல்வதாக ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். இந்த ஒரு குறிப்புக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. சரக்கு இடையில் தங்கிய துறைமுகத்தையே பிறந்த ஊராகக் காட்டிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த மயக்கம் எங்களுக்கும் பழக்கமானதுதான். உலகச் சந்தையில் எங்கள் பக்கத்து ஏலக்காய்க்குத் தரப்பெயர் ‘ஆலப்புழைப் பச்சை’. ஆலப்புழையில் ஏலம் விளையாது. அது கடலோரம், காயலோரம். ஒரு காலத்தில் அந்தத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் ஒட்டிக்கொண்ட பெயர். இடுக்கி மலையில் எடுத்த காய் போடியில் ஏலம் போய், வடநாட்டுக்குப் போகும்போது போடிக் காய் ஆகிவிடுவதும் உண்டு. எண்ணூறு வருஷம் கழித்து ஓர் ஆய்வாளர் ஆலப்புழையில் ஏலத்தோட்டம் தேடினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

மிளகுக்குச் சேர்த்தது போன்ற குறிப்பை வெள்ளைத் தௌகோவுக்கு அவர் சேர்க்கவில்லை. எனவே ஆறாவது சரக்கை நிறுத்தி வைத்தேன். அம்மா காய் பொறுக்கும்போது பார்த்திருக்கிறேன்: நல்ல பச்சை ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், பொக்கு ஒரு பக்கம். எதிலும் சேர்க்க மனம் வராத காயை மடிக்கு முன்னால் தனியாக வைப்பாள். மறுநாள் வெளிச்சத்தில் திரும்ப எடுப்பாள். தௌகோவை அப்படித்தான் வைத்தேன்.

சுவான்சௌவுக்குப் போனபோது இந்த மிச்சக் காய் என்னோடு வந்தது. சியாமென் நகரிலிருந்து ரயில். இறங்கினால் எங்கள் சித்திரை மாதிரியே புழுக்கம், ஸ்கூட்டர் நெரிசல், அகன்ற ஆல வகை மரங்கள். அரபு, பாரசீக வணிகர்கள் சைத்தூன் என்று அழைத்த ஊர். மார்க்கோ போலோ இங்கிருந்துதான் கப்பலேறித் தமிழ்க் கரைக்கு வந்தார். மிளகேற்றி அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் போனால் சைத்தூனுக்கு நூறு வருகிறது என்று சொன்னவர் அவர். கடல் வணிக அலுவலகம் இங்கே 1087-இல் ஏற்பட்டது. 1009-இல் எழுந்த பள்ளிவாசல் இன்னமும் கல்லோடு நிற்கிறது. 2021-இல் யுனெஸ்கோ இந்த நகரின் 22 இடங்களைச் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

முதல் நாள் கையுவான் கோயிலுக்குப் போனேன். 686-இல் தோன்றிய பௌத்தக் கோயில். இரண்டு பெரிய கல் கோபுரங்கள். வளாகத்திலேயே ஒரு கூடத்தில் மரக்கப்பல் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1974-இல் சுவான்சௌ வளைகுடாவின் சேற்றிலிருந்து தோண்டியெடுத்தது. எஞ்சிய உடலே 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். குறுக்குப் பலகைகள் 13 அறைகளாகப் பிரிக்கின்றன. ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றது தப்பும். உள்ளே கிடைத்த காசுகளைக் கொண்டு 1270-களில் மூழ்கியிருக்கிறது என்று கணித்திருக்கிறார்கள். தெற்குக் கடல்களிலிருந்து வீடு திரும்பிய கப்பல். சரக்கில் பெரும்பங்கு வாசனை மரக்கட்டைகள். மிளகு இருந்தது. பாக்கு, சாம்பிராணி, அம்பர், ஆமையோடு, சோழி இருந்தன. நான் பார்த்த பட்டியல்களில் ஏலக்காய் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மிளகைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஏழு நூற்றாண்டு சேற்றில் ஊறியும் உருண்டையாக, சுருக்கத்தோடு, மிளகாகவே இருந்தது.

பெரிய மண்டபத்தின் பின் தாழ்வாரத்துக்கு நடந்தபோது கால் தானாக நின்றது. மரக்கூரையைத் தாங்கும் தூண்களின் வரிசையில் நடுவில் இரண்டு தூண்கள் மட்டும் வேறு. பதினாறு பட்டை. இடையிடையே சதுரம், சதுரத்தில் வட்டத்துக்குள் சிற்பம். கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பழைய கோயில் மண்டபத்துக்குப் போனாலும் சதுரமும் கட்டுமாக மாறி மாறி ஏறுகிற இதே தூணில் சாய்ந்து உட்காரலாம். இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர். மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணன். மரக்கிளையில் கண்ணன், கீழே ஆடை கேட்கும் பெண்கள். போதிகை இருக்க வேண்டிய உச்சியில் சீனத் தச்சரின் மர வேலை. கல்லும் அந்த ஊர்க் கல்தான். உளி பிடித்த கையும் அந்த ஊர்க் கையாகவே இருக்க வேண்டும். முகங்களில் அது தெரிகிறது. முன்புற மேடையின் அடிவரிசையிலும் சிங்க உருவப் பலகைகள், எழுபதுக்கும் மேல். மிங் காலத்தில் கோயிலைச் செப்பனிட்டவர்கள், இடிந்துபோன வேறொரு கோயிலின் கற்களை எடுத்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள்.

இடிந்த அந்தக் கோயில் எது என்ற கேள்விக்கு வழிகாட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் வூ வென்லியாங். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் நகர மதிலை இடித்தபோது அடித்தளத்திலிருந்து செதுக்கிய கற்கள் வந்துகொண்டே இருந்தன: அரபு எழுத்து, சிலுவை, தாமரை, லிங்கம். கல்தச்சர்கள் அவற்றைப் பிளந்து வேறு வேலைக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். வூ தன் கைக்காசைப் போட்டு வாங்கி வீட்டில் சேர்த்தார். பிறகு எல்லாவற்றையும் அரசுக்குக் கொடுத்துவிட்டு, 1957-இல் சுவான்சௌவின் சமயக் கல்வெட்டுகள் பற்றி நூல் வெளியிட்டார். இன்று கடல்சார் அருங்காட்சியகத்தில் லிங்கத்துக்கு யானை பூச்சாத்தும் பலகையையும், லிங்கத்தின் மேல் பசு பால் சொரியும் பலகையையும் நாம் பார்க்க முடிவதற்கு அப்படியொரு ஆசிரியர் இருந்ததே காரணம். அந்தப் பலகைகளுக்கு முன்னால் நின்று அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஊருக்கு வெளியே ச்சிதியன் என்ற சிற்றூரிலும் ஒரு கல் இருக்கிறது. நான்கு கைகளோடு, காலடியில் ஓர் உருவத்தை அடக்கி அமர்ந்திருக்கும் பெண் தெய்வம். ஊரார் அவளைக் குவான்யின் என்று கும்பிடுகிறார்கள். நான் போனபோது ஒரு பாட்டி மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி, எனக்கும் மூன்று கொடுத்தார். வாங்கி ஏற்றினேன். எங்கள் ஊரில் அவளை என்ன பெயரில் கூப்பிடுவோம் என்று சொல்லப் பாஷை இல்லை. சொல்லவும் தோன்றவில்லை.

1956-இல் கிடைத்த கல்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். மேலே தமிழ், அடியில் ஒரு சீன வரி. தி. நா. சுப்பிரமணியன் தமிழ்ப் பகுதியைப் படித்து, 1978-இல் ‘இடைக்காலச் சீனத்தில் ஒரு தமிழ்க் குடியிருப்பு’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலக் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் நொபோரு கராஷிமா மீண்டும் படித்தார். அச்சில் வந்த மைப்படியின் நகலை வைத்துக்கொண்டு விடுதி அறையில் இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

மங்கலச் சொல்லோடு தொடங்குகிறது. சகாப்தம் 1203, அதாவது பொது ஆண்டு 1281. சித்திரை மாதம், சித்திரை நாள். சம்பந்தப் பெருமாள் என்ற பெயரும் தவச்சக்கரவர்த்தி என்ற பட்டமும் கொண்ட ஒருவர், செகாசைக்கானின் திருமேனி நலமாக இருக்க வேண்டும் என்று, ஒரு நாயனாரை எழுந்தருளச் செய்திருக்கிறார். செகாசைக்கானின் பர்மான்படி. அவ்வளவுதான் செய்தி.

கோயிலின் பெயரில் இரண்டு வாசிப்பு உண்டு. சுப்பிரமணியன் வழியில் வந்தவர்கள் திருக்கானீச்சுரம் என்கிறார்கள். கராஷிமா திருக்கதலீச்சுரம் என்று படிக்கிறார். முதல் வாசிப்பு சரியானால் கானின் பெயராலேயே ஈச்சுரம் எடுத்திருக்கிறார்கள் என்று கொள்ள இடமுண்டு; இராசராசன் பெயரால் இராசராசேச்சுரம் எடுத்தது போல. இழுக்கிற விளக்கம்தான். தௌகோவில் பட்டது நினைவிருந்ததால் இதையும் மடிக்கு முன்னால் தனியாக வைத்தேன். செகாசைக்கான் யார் என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அன்று சீனத்தை ஆண்ட பேரரசர் குப்லாய் கானே என்பார் உண்டு, வேறொரு மங்கோலியத் தலைவர் என்பாரும் உண்டு.

என்னைத் தூங்கவிடாமல் செய்த சொல் வேறு. பர்மான். பாரசீகச் சொல், ஆணை என்று பொருள். தமிழ் எழுத்தில், சிவன் கோயில் கல்லில், சீன மண்ணில் 1281-இல் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். சுவான்சௌவைச் சுங் அரசுக்காக நிர்வகித்த கடல் வணிகர் பூ ஷௌகெங் மங்கோலியர் பக்கம் சாய்ந்து நகரை ஒப்படைத்தது 1276-77 வாக்கில். கல்வெட்டு அதற்கு நாலைந்து ஆண்டு பிந்தியது. பழைய அரசு போய்விட்டது. பழைய அனுமதிகளுக்கு இனி மதிப்புண்டா என்று எந்த வணிகனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். புது அரசனின் ஆணையைப் பெற்று, அவன் உடல்நலத்துக்காகவே சாமியைப் பிரதிட்டை செய்து, அதைக் கல்லிலும் வெட்டிவிட்டால் தங்கும் உரிமைக்கு அதைவிட உறுதியான சான்று வேண்டாம். இது என் ஊகம்தான். ஆனால் கல்லில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அந்தப் பக்கமே சாய்கிறது.

அதே 1281-இல் எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. யுவான் வம்ச வரலாறு சொல்கிறது: குப்லாயின் தூதர் யாங் திங்பி அந்த ஆண்டு முதல் மாதம் சுவான்சௌவில் கப்பலேறினார். போக வேண்டிய இடம் கொல்லம். மூன்று மாதம் கழித்து இலங்கை. காற்று எதிர்த்ததால் நான்காம் மாதத்தில் மாபார் கரையில் இறங்கினார். மாபார் என்றால் நமது பாண்டிய நாட்டுக் கடற்கரை. அங்கிருந்து தரைவழியாகக் கொல்லம் போக வழி கேட்டார், கிடைக்கவில்லை. மதுரையில் அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன். சீன நாலாம் மாதமும் நம் சித்திரையும் ஒட்டி வருபவை. ஆக, கானின் தூதர் காற்றுக்குத் தப்பிப் பாண்டிய மண்ணில் கால்வைத்ததும், சுவான்சௌவில் ஒரு தமிழர் கானுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்ததும் சில வாரங்களுக்குள் நடந்தவை. தூதர் கேட்ட தரைவழி கிடைத்திருந்தால் மேற்கு மலையின் ஏதாவதொரு கணவாயைத்தான் அவர் தாண்டியிருக்க வேண்டும். எந்தக் கணவாய் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. போடிமெட்டு என்று எழுதிவிட வேண்டாம் என்று நோட்டின் ஓரத்தில் எனக்கு நானே குறித்துக்கொண்டேன்.

எதிர்ப் பக்கத்திலும் இப்படி ஒரு கல் இருந்திருக்கிறது. சுவான்சௌவிலிருந்து கப்பலேறி உலகம் சுற்றிய வாங் தாயுவான், பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய நூலில், தமிழ்க் கரையில் ஒரு செங்கல் கோபுரத்தைச் சொல்கிறார். அதில் சீன எழுத்து, 1267-இல் கட்டி முடித்ததாக. நாகப்பட்டினம் என்பது பலரின் முடிவு. நாகையில் சீனக் கோபுரம் என்று மக்கள் அழைத்த ஒரு செங்கல் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. வால்டர் எலியட் 1846-இல் பார்த்துப் பதிவு செய்தார். 1867-இல் இடித்துவிட்டார்கள். வாங் தாயுவான் சொன்ன கோபுரமும் இதுவும் ஒன்றா என்று இனி அகழ்ந்துதான் பார்க்க வேண்டும். நமக்கு ஒரு வூ வென்லியாங் அந்த ஆண்டு நாகையில் வாய்க்கவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் மட்டும் மண் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்த அந்த ஊரில் பச்சைப் பளபளப்புள்ள சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

சுவான்சௌவின் கதை நல்லபடி முடியவில்லை. 1357-இல் நகரில் இருந்த பாரசீகப் படையினர் கிளர்ந்தெழுந்தார்கள். பத்தாண்டு சண்டை. அது அடங்கிய கையோடு அயல்நாட்டார் மீது வெறுப்பு திரும்பியது. 1368-இல் மிங் அரசு வந்தது. கோயில் கற்கள் மதிலுக்கு அடித்தளம் ஆயின. பர்மான் கொடுத்த அரசு போனதும் பர்மானும் போயிற்று.

ஊர் திரும்பி அம்மாவுக்கு மைப்படியைக் காட்டினேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்துத் தடவிக்கொண்டே போய் ஓர் எழுத்தில் நின்று, “இது ‘ப’ தான?” என்றாள். ஆமாம் என்றேன். அடுத்து ‘ம’வைக் கண்டுபிடித்தாள். 1281-இன் எழுத்து. முழுக்க வாசித்துப் பொருள் சொன்னேன்.

“அப்ப இந்தச் சாமிய வச்சது தனக்காக இல்லயா?”

“அந்த ஊரு ராசா நல்லா இருக்கணும்னு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பெழைக்கப் போன எடத்துல அவன் நல்லா இருந்தாத்தான தாயி நம்ம நல்லா இருக்க முடியும்” என்றாள்.

நூல்களில் நான் தேடித் தேடி எட்டிய இடத்துக்கு அவள் ஒரே எட்டில் வந்துவிட்டாள். 2011 டிசம்பர் எனக்கு நினைவு வந்தது. முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றி எல்லை மூடிக்கிடந்த நாள்கள். மலைக்கு ஜீப் ஏறவில்லை. மேலே தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே தேனிப் பக்கம் இறங்கின. அம்மா வாரக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் கஞ்சிதான். இருபது வருஷம் ஏறி இறங்கிய மலை அந்த மாதம் அவளுக்கு வெளிநாடாக இருந்தது. பர்மான் என்ற சொல்லை அகராதியில் பார்த்தவள் நான். அவளுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

ஏலக்காய்க் கட்டுரையை எழுதவில்லை. அதற்குப் பதில் இதை எழுதுகிறேன். ஆறாவது சரக்கு எங்கள் மலையுடையதாக இருக்கலாம். சாதிக்காயாகவும் இருக்கலாம். சான்று வரும்வரை அது தௌகோதான்.

கல்வெட்டு குறிப்பிடும் சித்திரை மாதத்துச் சித்திரை நட்சத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவது. எங்கள் மாவட்டத்தில் அந்தப் பௌர்ணமிக்கு வேறு யோசனை கிடையாது: மங்கலதேவி கண்ணகி கோயில். தமிழக–கேரள எல்லைக் காட்டில் மலையுச்சியில் இருக்கிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும், இரண்டு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசி ஏற்பாடு செய்து, மக்களை ஏற விடுகிறார்கள். பளியன்குடிப் பக்கமிருந்து நடந்தும் போகலாம். அம்மாவுக்கு முழங்கால் ஆகாது என்பதால் குமுளி போய் ஜீப் பிடித்தோம். முன்கண்ணாடியில் அன்றைய அனுமதிச் சீட்டு ஒட்டியிருந்தது. சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, சீட்டைப் பார்த்து, தலையை எண்ணி, போகச் சொன்னார்கள்.

மேலே நல்ல கூட்டம். இடிந்த கருங்கல் சுவர், காற்று, இரண்டு மொழியிலும் ஒலிபெருக்கி. அம்மா வரிசையில் நின்றபடியே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஏலக்காய்.

“அந்தச் சாமி பேரு என்ன சொன்ன?”

இரண்டு பெயரையும் சொன்னேன். உதடசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளங்கையில் காய்களைப் பரப்பி, பொக்காக இருந்த ஒன்றைப் பொறுக்கி ஓரமாக எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தேங்காய்ப் பழத் தட்டில் வைத்தாள்.